உப்பளத்தில் நீந்திய ஓங்கல்கள்

எனக்கு டால்பின் மேல் எந்த ஆசையும் இருந்ததில்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஆறு நாள் விடுப்புப் போட்டு, முழங்காலுக்கு ஒரு கட்டும் வாந்திக்கு ஒரு அட்டை மாத்திரையும் வாங்கிக்கொண்டு நான் கடலுக்குப் போனது ஒரு மனிதரைக் கீழே தள்ளத்தான். கடலில் அல்ல. அவ்வளவு பெரிய பாவத்துக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. அவர் ஏறி நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தது.

அவர் எங்கள் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். தென்காசியிலிருந்து டவுன் பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் வரும் கல்லூரி, பெயர் வேண்டாம். நான் அதே துறையில் ஆய்வக உதவியாளர். நுண்ணோக்கிகளைத் துடைப்பது, குப்பிகளில் மருந்துத் தண்ணீர் குறைந்தால் ஊற்றுவது, பிள்ளைகள் உடைத்ததை எழுதிவைப்பது என் வேலை. எழுதுவதில் மட்டும் நான் கெட்டி. ஒரு சோதனைக் குழாய் உடைந்தாலும் யார் கையில், எந்த மணிக்கு என்று எழுதிவிடுவேன்.

அதைப் பார்த்துத்தான் ஒரு சாரல் காலத்தில் அவர் என்னைக் கூப்பிட்டார். குற்றாலத்துக் குரங்குகள் எதற்கு எப்படிக் கத்துகின்றன என்று குறித்துத் தர முடியுமா என்று கேட்டார். என் வீடு இலஞ்சி. விடியக் கிளம்பினால் ஐந்தருவிக்கோ பழைய குற்றாலத்துக்கோ போய் உட்கார்ந்துவிட்டு நேரத்துக்குக் கல்லூரி வந்துவிடலாம். மூன்று வருடம் போனேன். நாயைக் கண்டால் ஒரு குரல், பாம்பைக் கண்டால் ஒரு குரல், குளிக்க வந்தவர்கள் பிளாஸ்டிக் பையைப் பிரித்தால் வேறொரு குரல். இந்த மூன்றாவது குரலைப் பிரித்து அறிந்தது நான்தான். ஒரு தடவை ஒரு தாட்டான் குரங்கு நோட்டைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து மீட்டேன்.

அவர் அதைக் கட்டுரையாக்கினார். வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. பதவி உயர்வும் வந்தது. அச்சில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினேன். கடைசியில், சின்ன எழுத்தில், உதவிய பணியாளர்களுக்கு நன்றி என்று ஒரு வரி. நேரே அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். பக்கத்தில் இரண்டு மாணவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஏம்மா, குரங்கு கத்துச்சு, நீங்க எழுதுனீங்க. உங்க பேரப் போட்டா கத்துன குரங்கு பேரையும்லா போடணும்?”

மாணவர்களும் சிரித்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான் எனக்குக் கேட்கும். மறந்துவிடு, உடம்புக்கு ஆகாது என்று வீட்டில் சொன்னார்கள். மறக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒரு அச்சடித்த தாளில் என் பெயர். அதை அவர் பார்க்க வேண்டும்.

போன வருடம் கடற்கரைக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் எங்கள் கல்லூரிக்கு வந்தாள். சொந்த ஊர் அச்சன்புதூர். வயலும் வாழையுமாக இருக்கும் ஊரிலிருந்து போய்க் கடல் ஆராய்ச்சி செய்கிறவள். தூத்துக்குடிக்கு வடக்கே கடலில் டால்பின்கள் ஒன்றோடு ஒன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பது அவள் ஆய்வு. ஆறு நாள் வள்ளத்தில் வந்து உதவ ஆட்கள் வேண்டும், சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு என்றாள். பிறகு சொன்னதுதான் என் காதில் நின்றது.

“ஆறு நாளும் முழுசா கூட இருக்கவங்க எல்லார் பேரும் கட்டுரையில வரும். படிச்சவங்க படிக்காதவங்கன்னு பாக்க மாட்டேன்.”

பெயர் கொடுத்தேன். மறுநாள் பட்டியலைப் பார்த்தால் எனக்கு மேலே நம் பேராசிரியர் பெயர். துறைத் தலைவர் பதவிக்கு ஏதோ களப்பணிச் சான்றிதழ் தேவைப்பட்டிருக்கிறது. என் பெயரை அடித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு, ஆறு நாள் ஒரே வள்ளத்தில் அந்த மனிதர் என் கண் முன்னால் இருப்பார், ஒரு இடத்திலாவது வழுக்காமலா போவார் என்று தோன்றியது. நல்லதாயிற்று என்று சொல்லிக்கொண்டேன்.

பயிற்சி இலஞ்சிக் குளத்துக் கரையில் நடந்தது. யாரோ வீட்டிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்து கரையில் போட்டாள் அந்தப் பெண். அதுதான் வள்ளம். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் வள்ளத்தின் மூக்கு. குளத்தில் மிதந்த நீர்க்காகங்கள்தான் டால்பின்கள். நாங்கள் கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்தோம். ஆற்றில் துணி துவைத்துவிட்டு வந்த பெண்கள் நின்று பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

கடலில் திசை சொல்லக் கடிகார முள் கணக்கு. வள்ளத்தின் மூக்கு எப்போதும் பன்னிரண்டு மணி. வலப்பக்கம் மூன்று, பின்னால் ஆறு, இடப்பக்கம் ஒன்பது. “நீங்க எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்தாலும் மூக்குதான் பன்னெண்டு. உங்க மூக்கு இல்ல, வள்ளத்து மூக்கு” என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும்.

பேராசிரியர் எல்லாம் முடிந்து கட்டிலைத் தூக்கும்போது வந்தார். பறவைக் கணக்கெடுப்பே எடுத்தவன் நான், இதெல்லாம் எனக்குத் தேவையில்லை என்றார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

“ஒரே காலேஜ்தானக்கா. சாருக்கு அந்த மணிக் கணக்க மட்டும் நீங்க சொல்லிருங்க.”

“சரிம்மா” என்றேன். சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். வீட்டுக்குப் போய் மூட்டை கட்டும் பரபரப்பில் மறந்துவிட்டேன். இது சத்தியம். அதற்குப் பிறகு நடந்ததற்கு மட்டும் நான் சத்தியம் செய்ய முடியாது.

தென்காசியிலிருந்து வேனில் போனோம். கடற்கரையில் மீனவர் ஒருவரின் பெரிய வள்ளத்தை அந்தப் பெண் வாடகைக்குப் பிடித்திருந்தாள். வள்ளக்காரர் டால்பினை ஓங்கல் என்பார். முதல் நாள் காலை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தபோது என்னையும் பேராசிரியரையும் வலப்பக்கப் பலகையில் போட்டாள். முறை மாற்றி எழுத வேண்டும் என்பது விதி. அவர் பேனாவைத் தொடவே இல்லை.

“அலையில குனிஞ்சு எழுதுனா எனக்குத் தல சுத்தும். நீங்க எழுதுங்கம்மா. நான் சொல்லுததை எழுதுததுதான் உங்களுக்குப் பழக்கமாச்சே.”

அலையில் எனக்கும் தலை சுற்றியது. அருவித் தண்ணீர் தலையில் விழுந்து பழகியவளுக்கு, தண்ணீர் காலுக்குக் கீழே ஆடுவது புதிது. மாத்திரையை விழுங்கிவிட்டு எழுதினேன்.

வள்ளம் வடக்கு நோக்கிப் போனது. கரை எங்களுக்கு இடப்பக்கம், கிட்டத்திலேயே தெரிந்தது. அவர் கரைக்கு முதுகு காட்டி, ஆழ்கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வள்ளத்துக்கு நேர் முன்னால் கறுப்பாக மூன்று முதுகுகள் எழும்பி அமிழ்ந்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவர் துள்ளி எழுந்து இடது கையை நீட்டினார்.

“ஒம்பது மணி! எழுதுங்க, ஒம்பது மணி, எண்ணூறு மீட்டர்!”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் தன் மூக்கைப் பன்னிரண்டாக வைத்துக்கொண்டு சொல்கிறார். முன்னால் இருக்கும் டால்பின் அவருக்கு இடது கைப் பக்கம், அதனால் ஒன்பது மணி. வள்ளத்துக் கணக்கில் ஒன்பது மணி என்றால் கரைப் பக்கம். எண்ணூறு மீட்டர் என்றால் கரையைத் தாண்டி உள்ளே. அங்கே இருப்பது உப்பளம்.

எஞ்சின் இரைச்சலில் அவர் சொன்னது வேறு யாருக்கும் கேட்கவில்லை. சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். குரங்கு கத்துச்சு, நீங்க எழுதுனீங்க. சரி சார், நீங்கள் கத்துங்கள், நான் எழுதுகிறேன். “ஒன்பது மணி, எண்ணூறு மீட்டர்” என்று விதிப்படி திருப்பிச் சொல்லி, அழகான கையெழுத்தில் எழுதினேன். பார்த்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை முழுதாக, படிப்பெல்லாம் சேர்த்து எழுதினேன்.

எனக்கு அந்த நாள் அவ்வளவு சந்தோஷமாகப் போனது. மதியம் வள்ளக்காரர் ஆக்கிய மீன்குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வாந்தியும் நின்றுவிட்டது.

என் இடுப்பில் ஒரு சின்னப் பாக்கெட் நோட்டு இருந்தது. அதில் சரியான மணியை எழுதிக்கொண்டேன். நாளைக்கு மாட்டிக்கொண்டால், அந்தம்மா தப்பாக எழுதிவிட்டாள் என்று கை காட்டுவார் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னது ஒரு வரி, உண்மை ஒரு வரி. சில நேரம் வள்ளக்காரர் “ரெண்டு மணி” என்று சத்தம் கொடுப்பார்; அதைக் கேட்டு இவரும் ரெண்டு மணி என்பார். அது சரியாக இருக்கும். ஆகவே பெரிய தாளில் சரியும் தப்பும் கலந்து கிடந்தன. எது எது என்று தெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

அந்தப் பெண் பின்பக்கம் உட்கார்ந்திருப்பாள். டால்பின் கிட்டே வந்ததும் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, இரண்டு மைக்குகளைத் தண்ணீருக்குள் இறக்குவாள். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மைக் சொல்லும். அந்தப் பக்கத்தில் எந்த டால்பின் இருந்தது என்று எங்கள் தாள் சொல்ல வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் அவள் ஆராய்ச்சி நிற்கும். இது எனக்கு முதல் நாளே தெரியும். கட்டிலில் உட்கார வைத்தே சொல்லியிருந்தாள்.

ஐந்தாம் நாள் ஒரு தாயும் குட்டியும் வந்தன. அவர் வழக்கம்போல் இடது கையை நீட்டி ஒன்பது மணி என்றார், நான் எழுதினேன். எஞ்சின் நின்றது. அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினாள். ஈரத் தம்ளர் விளிம்பில் விரலைத் தேய்ப்பது போல மெல்லிசாக ஒரு சீட்டி. பிறகு, அதைவிடச் சின்னதாக இன்னொன்று. மறுபடி முதலாவது.

“ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீட்டி உண்டுக்கா. அதுதான் அதோட பேரு மாதிரி. ‘நான்தான், நான்தான்’னு சொல்லுது. பிள்ள பதில் சொல்லுது.” அவள் கண் கலங்கியிருந்தது. “ரெண்டு வருசமா இதுக்குத்தான் அலையுதேன். ஆயி, பிள்ள ரெண்டும் தனியா, கிட்டக்க, இவ்வளவு சுத்தமா எனக்குக் கிடைச்சதே இல்ல. எடம் மட்டும் சரியா இருந்துட்டா போதும்.”

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பாக்கெட் நோட்டில் கை வைத்துவிட்டேன். அப்போது பலகையிலிருந்து பேராசிரியர் குரல் கொடுத்தார்.

“தாள ஒரு தடவ சரி பாத்துக்கம்மா. அந்தம்மாவுக்குக் காது கேக்குமே தவிர, புத்தியில ஏறாது.”

கையை எடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பாவம் அவள், ஆனால் என் பாவத்தை யார் பார்த்தார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், இப்போது அழகாக மாற்றிச் சொல்ல விரும்பவில்லை.

இரண்டு வாரம் கழித்து எங்கள் கல்லூரியில் கூட்டம். அந்தப் பெண் உதவிக்கு வந்தவர்களை மட்டும்தான் வரச் சொல்லியிருந்தாள். பேராசிரியர் தன் பெருமையைக் காட்ட முதல்வரையும் நூறு மாணவர்களையும் கூட்டிவிட்டார். முன்வரிசையில் உட்கார்ந்து பையன்களுக்கு ஓங்கல் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் எண்களை முந்தின நாள்தான் கணினியில் ஏற்றி முடித்திருந்தாள். படமாக அவளும் அன்றுதான் பார்க்கப் போகிறாள்.

திரையில் கடலும் கரையும் வந்தன. இடப்பக்கத்து ஜோடி பார்த்தவை நீலப் புள்ளிகளாகக் கடலில் விழுந்தன. பிறகு எங்களுடையவை, சிவப்பு. முதல் புள்ளி உப்பளத்தில் விழுந்தது. அடுத்ததும் உப்பளம். ஒன்று ரோட்டைத் தாண்டி முள்ளடர்ந்த உடைமரக் காட்டில் விழுந்தது. ஒன்று ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்து மேல்.

பின்வரிசையில் ஒருவன், “ஏலே, ஓங்கல் பள்ளிக்கூடத்துக்கு வருதுலே” என்றான். அரங்கமே சிரித்தது. முதல்வரும் சிரித்தார். நான் இத்தனை நாளாகக் காத்திருந்த சிரிப்பு அது. அதே மாதிரி, வாய் விட்டு, ஒருவரைப் பார்த்து எல்லோரும்.

பேராசிரியர் எழுந்தார். காது வரை சிவந்திருந்தது.

“நான் சரியாத்தான் சொன்னேன். எழுதுனது அந்தம்மா.”

நான் மெதுவாக முன்னால் போனேன். முழங்கால் கூட வலிக்கவில்லை. பாக்கெட் நோட்டை எடுத்து முதல்வர் கையில் கொடுத்தேன். “சார் சொன்னது ஒரு வரி, உள்ளது ஒரு வரி. நாள், மணி எல்லாம் இருக்கு. வள்ளத்து மூக்கப் பன்னெண்டா வைக்கணும். சார் தம் மூக்க வச்சிட்டாரு. பயிற்சிக்கு அவுக வரல” என்றேன். முதல்வர் இரண்டு பக்கம் படித்துவிட்டு நோட்டை அவரிடமே நீட்டினார். அவர் வாங்கிப் பார்த்தார். மூடி என் கையில் கொடுத்தார். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். குளிர்ந்து போனேன் என்றால் அப்படிக் குளிர்ந்து போனேன்.

எல்லோரும் கலைந்த பிறகு அந்தப் பெண் ஆய்வகத்துக்கு வந்தாள். பாராட்ட வருகிறாள் என்றே நினைத்தேன். நோட்டை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன்.

“இதுல எல்லாம் சரியா இருக்கும்மா. தாய், பிள்ள இருந்த இடமும் இருக்கு. வச்சுக்கோ” என்றேன்.

அவள் வாங்கவில்லை. “எந்த நாளு தெரிஞ்சுதுக்கா?”

“மொத நாளு.”

“சாருக்குச் சொல்லிருங்கன்னு நான் ஒங்ககிட்டதான சொன்னேன்?”

“ஆமா.”

நோட்டை என் பக்கமே மெல்லத் தள்ளினாள். கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

“அக்கா, தெரிஞ்சே தப்பா எழுதுன கை இது. இதே கை சரியா எழுதுனதுன்னு நான் எத வச்சுச் சொல்லுவேன்? என் கைடு கேட்டா என்னத்தச் சொல்லுவேன்? வலப்பக்கத்து ஆறு நாளையும் எடுத்துருதேன். அந்தப் பிள்ளையோட சீட்டியும் போச்சு.”

“அந்த ஆளு என்ன சொன்னாருன்னு ஒனக்குத் தெரியாதும்மா” என்றேன். குரங்குக் கதையைச் சொன்னேன், முழுதாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“தெரியுதுக்கா. ஆனா அவருக்கும் ஒங்களுக்கும் நடுவுல நான் ஒருத்தி இருந்தேம்லா” என்றாள். போய்விட்டாள். குனிந்து ஒரு நுண்ணோக்கியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே துடைத்து வைத்ததுதான்.

பேராசிரியருக்குத் துறைத் தலைவர் பதவி கிடைக்கவில்லை. பையன்கள் அவரை ஓங்கல் சார் என்கிறார்கள். அவர் வராந்தாவில் நடந்து போகும்போது யாராவது ஒருவன் தூரத்தில் சீட்டி அடிப்பான். எனக்குக் கேட்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதில் நான் பொய் சொல்லப் போவதில்லை.

இந்தச் சாரலுக்கு அந்தப் பெண்ணின் கட்டுரை வந்தது. இடப்பக்கத்துத் தாள்களை மட்டும் வைத்து, இன்னொரு பருவம் தனியாகக் கடலுக்குப் போய் முடித்திருக்கிறாள். யாரோ ஒரு மாணவி என் போனுக்கு அனுப்பினாள். மதிய இடைவேளையில் ஆய்வகக் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெயர்கள் இருந்த பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலிருந்து கீழே விரலால் நகர்த்திப் பேராசிரியர் பெயரைத் தேடினேன். இல்லை. வேறு எழுத்தில் போட்டிருப்பார்களோ என்று மறுபடி கீழிருந்து மேலே தேடினேன். எங்கேயும் இல்லை. வள்ளக்காரர் பெயர்கூட இருந்தது. இவர் பெயர் இல்லை. போனை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, நிம்மதியாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

நாலு வாய் சாப்பிட்ட பிறகுதான், அந்தப் பக்கத்தில் என் பெயரைத் தேடவே இல்லை என்று எனக்குத் தெரிந்தது.